ஆடிக் காற்றில் ஒரு தூண்டில்

"திருப்பூருக்குப் போய் வாருங்கள். ஆனால் பனியனைப் பற்றி மட்டும் எழுதிவிடாதீர்கள். அதைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது!" என்று சொல்லி அனுப்பினார் எங்கள் ஆசிரியர்.

மதுரைக்குப் போய் மீனாட்சி அம்மனைப் பார்க்காமல் திரும்பு என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது எனக்கு. திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கி நாலு எட்டு வைத்தால் கண்ணில் படுவது பனியன். காதில் விழுவது தையல் யந்திரத்தின் சத்தம். காலில் இடறுவது வெட்டி எஞ்சிய துணி மூட்டை. ஆகவே நான் பனியனைத் தேடிப் போகவில்லை. மீனைத் தேடிப் போனேன். ஆனாலும் பனியன் என்னை விட்டதா என்றால், இல்லை! அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

2025-ம் வருஷம், ஆடி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. நான் தங்கியிருந்தது என்னுடன் கல்லூரியில் படித்த சிநேகிதியின் வீட்டில். அவள் வீட்டு மாடியில் ஒரு குடும்பம் குடியிருந்தது. கணவன் ஓவர்லாக் டெய்லர். மனைவிக்குச் செக்கிங் வேலை. அதாவது, தைத்து வரும் ஒவ்வொரு பனியனையும் விரித்துத் தடவிப் பார்த்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இவைகளைக் கண்டுபிடித்து ஒதுக்கும் வேலை. பத்து வயதில் ஒரு பெண். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம்.

சனிக்கிழமை ராத்திரி அந்த அம்மாள் கீழே வந்து, "அக்கா, நாளைக்கு நாங்க மீன் பிடிக்கப் போறோம். நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"எங்கே?"

"தாராபுரம் பக்கத்துல, அமராவதி ஆத்துக்கு. பஸ்ஸுல ஒன்றரை மணி நேரந்தான்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊருக்கு நடுவே நொய்யல் ஆறு ஓடும்போது, மீன் பிடிக்கச் சுமார் 50 கிலோமீட்டர் போவானேன்?

இந்தக் கேள்வியைத் திருப்பூரில் கேட்டால் ஜனங்கள் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் போய்ச் சேருகிற நொய்யலில் ஒரு காலத்தில் குளித்தவர்களும், மீன் பிடித்தவர்களும் இன்றைக்கும் ஊரில் இருக்கிறார்கள். பிறகு ஏற்றுமதி பெருகியது. சாயப்பட்டறைகள் பெருகின. ஆற்றுத் தண்ணீர் ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம் என்று ஆயிற்று. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி நின்றது. கீழே இருந்த விவசாயிகள் நியாயம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில், கழிவு நீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதன் பின்னர்தான் சாய நீரைச் சுத்தம் செய்து மறுபடியும் உபயோகிக்கும் ஏற்பாடு வேரூன்றியது. ஆனால் ஆற்றுக்கு வந்த நோய், மனிதனுக்கு வந்த ஜுரம் மாதிரி மூன்று நாளில் இறங்கிவிடுமா?

ஊருக்குப் பக்கத்தில் நஞ்சராயன் குளம் என்று ஒரு பெரிய நீர்நிலையும் இருக்கிறது. அது 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆக, அங்கே மீன் பிடிக்கும் பாத்தியதை நாரைகளுக்கும் நீர்க்காகங்களுக்கும்தான். மனிதர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதே!

காலை ஆறரை மணிக்குப் பஸ் ஏறினோம். கோவில்வழி, அவினாசிபாளையம், கொடுவாய் என்று ஊர்கள் பின்னால் போகப் போக, காற்று முன்னால் வந்தது. சாதாரணக் காற்றா அது? ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் தலைப் பின்னல் அவிழ்ந்து பின் ஸீட்டுக்காரர் முகத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்லுவார்கள். இலவம் பஞ்சு எம்மாத்திரம் என்றும் அந்தப் பழமொழி கேட்கிறது. பஞ்சையே நம்பிப் பிழைக்கும் பிரதேசத்தில் அதைக் கேட்டால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது தெரியுமா? மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக் காற்று, மலையில் முட்டி மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, அந்த வாசல் வழியாக வேகமாக இந்தப் பக்கம் நுழைகிறது. மழையை அங்கே வைத்துக்கொண்டு காற்றை மட்டும் நமக்கு அனுப்புகிற அண்டை வீட்டுக்காரர்கள்!

ஆனால் அந்தக் காற்றையும் சும்மா விடவில்லை கொங்கு நாட்டார். பல்லடம், தாராபுரம், உடுமலை வட்டாரமெங்கும் வெள்ளை வெளேரென்று காற்றாலைகள் நிற்கின்றன. அவைகளில் பல, நூற்பு மில்காரர்கள் தங்கள் மில்லின் மின்சாரத் தேவைக்காக நிறுத்தி வைத்தவை. இறக்கைகள் சுழலுகின்றன, எங்கோ ஒரு மில்லில் கதிர்கள் சுழலுகின்றன, நூல் பிறக்கிறது, அந்த நூல்தான் பனியன் ஆகிறது. பார்த்தீர்களா, பனியன் மறுபடியும் வந்துவிட்டது!

தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பணை. தண்ணீர் ததும்பி நின்றது. மேல் கரையில் வேப்பமர நிழலில் எங்களுக்கு முன்பே ஒரு பெரியவர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர். மாடி வீட்டாருக்கு ஆற்றங்கரைச் சிநேகிதம்.

"வாங்க, வாங்க. காத்து மட்டும் நல்லாக் கெடைக்குதுங்க. மீனுதான் ஒண்ணையும் காணோம்!" என்று வரவேற்றார்.

அந்த அம்மாள் பையைத் திறந்தாள். மூங்கில் கழி இரண்டு. நைலான் நரம்பு காலியான நூல் கோன் ஒன்றில் நேர்த்தியாகச் சுற்றியிருந்தது. தூண்டில் முள்களை ஒரு பனியன் துண்டில் குத்தி வைத்திருந்தாள். மயிலிறகின் தண்டை வெட்டித் தக்கை; சின்ன ஈயக் குண்டு; இரைக்கு மண்புழு, மைதா மாவு உருண்டை. கணவனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு தூண்டில் கட்டினாள்.

"வீட்டுல மசாலா அரைச்சு ஃபிரிஜ்ஜுல வச்சுட்டு வந்திருக்கேன்க்கா. புளி கூட ஊற வச்சாச்சு" என்றாள்.

"மீன் கிடைப்பதற்கு முன்பேயா?" என்று கேட்டேன்.

"கெடைச்ச பெறகு அரைக்க உக்காந்தா, ராத்திரி பத்து மணி ஆயிரும்ல?"

இதைவிடத் தைரியமான ஒரு பெண்ணை நான் சமீபத்தில் பார்த்ததில்லை.

எட்டரை மணிக்குத் தூண்டில் போட்டார்கள். ஒன்பதரை ஆயிற்று. பத்தரை ஆயிற்று. தக்கை நிற்கவே இல்லை. காற்று அதை எதிர்க் கரைக்கு இழுத்துக்கொண்டு போனது. நரம்பு வில்லாக வளைந்தது. தக்கை ஆடும்போதெல்லாம் "மீன்! மீன்!" என்று குழந்தை கத்தினாள். இழுத்துப் பார்த்தால் வெறும் முள். பத்துத் தடவை ஏமாந்த பிறகு அவளும் கத்துவதை நிறுத்திவிட்டு மணலில் வீடு கட்டப் போய்விட்டாள்.

இந்த ஆற்றில் அதிகம் கிடைப்பது ஜிலேபி மீன். பெயரைப் பார்த்து மோசம் போகாதீர்கள், இனிக்காது. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீனை 1952-ல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே வந்த வேகத்தில் குளம், குட்டை, அணை எல்லாவற்றையும் தனக்கே பட்டா எழுதிக்கொண்டுவிட்டது. அதன் குடும்ப வாழ்க்கை விசித்திரமானது. தாய் மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்த பின்பும், ஆபத்து வந்தால் அவை தாயின் வாய்க்குள் ஓடிப் புகுந்துகொள்ளும். அந்த நாட்களில் தாய் மீன் ஏறக்குறையப் பட்டினிதான்.

இதை நான் சொன்னதும், "அப்ப நம்ம இரையை அது தொடாததுக்கு அதுதான் காரணமோ என்னமோ!" என்றாள் அந்த அம்மாள். பிறகு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. "வாயில புள்ளைய வச்சுக்கிட்டு எப்படித் திங்கும், பாவம்" என்றாள் மெதுவாக.

வட அமெரிக்காவின் ஏரிகளில் வால்ஐ என்று ஒரு மீன் உண்டு. மின்னஸோட்டா ராஜ்யம் 1965-ல் அதைத் தன் ராஜ்ய மீனாகவே வரித்துக்கொண்டது. அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகப் பார்க்கும். பளிச்சென்ற வெயில் பிடிக்காது. ஆகவே, காற்றடித்துத் தண்ணீர் மேலே சிற்றலை எழும்பி வெயில் சிதறும் நாள்தான் அதைப் பிடிக்க நல்ல நாள் என்று அந்த ஊர்த் தூண்டில்காரர்கள் கருதுகிறார்கள். காற்று எல்லை மீறினாலோ, அவர்களும் நம்மைப் போலக் கரையில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதுதான். அப்படிக் கொட்டாவி விடுகிறவர் உடம்பில் இருக்கும் டீ ஷர்ட், ஒருவேளை இந்த அம்மாள் தடவிப் பார்த்து அனுப்பியதாகவே இருக்கலாம்!

அமெரிக்காவின் பெயரை எடுத்ததும் கணவன் முகம் மாறிவிட்டது. அந்த வாரந்தான், ஆகஸ்ட் 7-ம் தேதி, நம் நாட்டுப் பொருள்களின் மீது அமெரிக்கா போட்ட 25 சதவிகித வரி அமலுக்கு வந்திருந்தது. 27-ம் தேதியிலிருந்து இன்னொரு 25 சதவிகிதம் என்றும் அறிவிப்பு வந்துவிட்டது. அவர் வேலை செய்யும் கம்பெனியில் தைத்து முடித்த சரக்கைப் பெட்டி கட்டி வைத்துவிட்டு, அனுப்பலாமா வேண்டாமா என்று காத்திருந்தார்களாம். ஒன்றரை ஷிப்ட் போய் ஒரு ஷிப்ட் ஆயிற்று. ஒரு ஷிப்ட் போய் வாரத்தில் நாலு நாள் ஆயிற்று. சனிக்கிழமைச் சம்பளக் கவர் மெலிந்துவிட்டது.

"இங்க உக்காந்து என்ன ஆகப்போகுது? மீனும் இல்ல, வேலையும் இல்ல" என்று கழியைக் கீழே போட்டார் அவர். "பேசாம ஊருக்கே போயிரலாம்னு நான் ஒரு வாரமாச் சொல்றேன். நீதான் கேக்க மாட்டேங்கிற."

"பாதி வருசத்துல புள்ளையப் பள்ளிக்கூடம் மாத்துறதா? ஊர்ல போய் என்ன பண்றது? அதையும் சொல்லுங்க" என்றாள் அவள். குரல் உயரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்றைக்கு முளைத்ததல்ல என்பது எனக்குத் தெரிந்தது. தண்ணீரைப் பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"தம்பி, 2008-ல சீமையில பணமுடைன்னு ஆர்டர் நின்னு போச்சு. 2011-ல சாயப்பட்டறையைப் பூட்டினாங்க. 2020-ல கொரோனா, ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லீங்க. ஒவ்வொருக்காவும் திருப்பூர் முடிஞ்சு போச்சுன்னுதான் பேசினாங்க. ஊரு முடியலே. ஆனா ஒண்ணு, பொய் சொல்லப்படாது. அதுல நொடிஞ்சு போனவங்களும் உண்டு. எம்பட கூட வேலை பார்த்தவங்க நாலஞ்சு பேரு போனவங்க போனவங்கதான், திரும்பலே. அதனால, 'எல்லாஞ் செரியாப் போயிரும்'னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்புறம் என்னதாங்க சொல்றீங்க?"

"மீனு கடிக்கறது மீனோட இஷ்டமுங்க. முள்ளு தண்ணிக்குள்ளே இருக்கோணும்ங்கறது நம்ம இஷ்டம். கழியைக் கரையில போட்டுட்டா, அந்த மீனே மனசு வச்சாலும் வர முடியாதுங்களே! அதோட, ஒரே எடத்துல உக்காந்துக்கிட்டுக் காத்தை வையறதும் பிரயோசனமில்லே. நெழலாருக்குது, காத்து முதுகுல அடிக்குது, சொகமா இருக்குதுன்னு நாம இந்தக் கரையில உக்காந்திருக்கறோம். மீனுக்குத் தீனி எந்தக் கரையில கெடக்குது?"

எதிர்க் கரையைக் காட்டினார். மேல் காற்று, ஆற்றின் மேல்மட்டத் தண்ணீரைக் கீழ்க் கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. நுரை, சருகு, பாசி, பூச்சி எல்லாம் அங்கே போய் ஒதுங்குகின்றன. அவைகளைத் தின்னச் சின்ன மீன் போகிறது. சின்ன மீனைத் தேடிப் பெரிய மீனும் போகிறது. காற்று முகத்தில் அறையும் கரையில்தான் மீன் இருக்கும். ஆனால் அங்கே உட்காருவது சுகமாக இருக்காது. சங்கதி அவ்வளவுதான்!

மூட்டையைக் கட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்து எதிர்க் கரைக்குப் போனோம். நிழல் கிடையாது. கண்ணில் மண். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். பெரியவர் தக்கையைக் கழற்றச் சொல்லிவிட்டார். ஈயக் குண்டை இரண்டாக்கி, இரையை அடியில் இறக்கி, நரம்பை ஆள்காட்டி விரலில் தொட்டபடி இருக்க வேண்டும். காற்றில் கண் ஏமாறும். விரல் ஏமாறாது என்பது அவர் சித்தாந்தம்.

கணவனுக்கு அது பிடிபடவில்லை. அலை மோதியதற்கெல்லாம் கழியைத் தூக்கினார். மனைவியோ கண்ணை மூடிக்கொண்டு, துணியில் ஓட்டையைத் தேடுகிறவள் போல விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பனியனைத் தடவிப் பழகிய விரல் அல்லவா? பன்னிரண்டே முக்கால் மணிக்கு அந்த விரல் துள்ளிற்று. மறு விநாடி ஓர் உள்ளங்கை அகல ஜிலேபி மீன் கரையில் குதித்தது!

குழந்தை கத்திய கத்தலில் கொக்குகள் பறந்து போயின. கணவன் தன் கழியைப் போட்டுவிட்டு ஓடிவந்து முள்ளை எடுத்துவிட்டார். "செக்கிங்காரிகிட்ட எதுவும் தப்பாது" என்றார். அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நாலு மணி வரை உட்கார்ந்ததில் அவளுக்கு மூன்று மீன். கணவனுக்கு ஒரே ஒரு விரல் நீளக் குஞ்சு. அதைக் குழந்தை தண்ணீரில் விட்டுவிட்டாள். "அதோட அம்மா வாயத் தெறந்து வச்சுக்கிட்டுத் தேடுமாம்" என்று காரணமும் சொன்னாள். பெரியவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. "நாலு மணிக்கு எந்திரிச்சுப் போயிரோணும்னு ஒரு கணக்கு வச்சுக்கோணுமுங்க அம்மிணி. இல்லாட்டி நட்டத்தைத் துரத்திக்கிட்டு இருட்டு வரைக்கும் உக்காந்திருப்போம்" என்று எனக்கு மட்டும் ஒரு புத்திமதி சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நீங்களும் போவதானால் இரண்டொரு வார்த்தை. தலைக்குத் துண்டும் குடிக்கத் தண்ணீரும் அவசியம். ஆற்றில் இறங்காதீர்கள், அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் மட்டம் சட்டென்று ஏறும். உடுமலைக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கும் அமராவதி அணைக்கும் போகலாம். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டியது. அங்கே வறுத்த மீன் வாங்கித் தின்னுங்கள். தூண்டில் மட்டும் வேண்டாம். அந்த நீர்த்தேக்கத்தில் முதலைகள் குடியிருக்கின்றன. அவற்றுக்குக் காற்று, மழை என்று எந்த மந்த காலமும் கிடையாது!

அன்று ராத்திரி எங்கள் எல்லாருக்கும் மாடியில்தான் சாப்பாடு. மூன்று சின்ன மீனை ஆறு பேருக்கு எப்படிப் பங்கிடுவது? அந்த அம்மாள் கொஞ்சமும் கலங்கவில்லை. அரைத்து வைத்திருந்த மசாலாவைப் புளியில் கரைத்துக் கொதிக்கவிட்டாள். அரைக் கிலோ கத்தரிக்காயை நறுக்கிப் போட்டு வேகவைத்து, கடைசியில் மீனைப் போட்டு இறக்கினாள். மீன் வாசனையில் ஊறிய கத்தரிக்காயை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு நாள் செய்து பாருங்கள். மீன் குறைவாகக் கிடைத்ததற்காக நான் சந்தோஷப்பட்டேன் என்றால் மிகையில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கணவன் சொன்னார்: "தீவாளி போனஸ் வரைக்கும் இருந்து பாப்போம். நாளைக்கு உள்ளூர்ச் சரக்குத் தைக்கிற பட்டறையில கேட்டுப் பாக்குறேன்."

"மூணு கம்பெனியில கேளுங்க" என்றாள் மனைவி. "ஒரே கரையில உக்காராதீங்க."

ஆகஸ்ட் 27-ம் தேதி, சொன்னபடியே வரி 50 சதவிகிதம் ஆயிற்று. பத்திரிகையில் அதைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த மெலிந்த சம்பளக் கவர்தான். தீபாவளி கழிந்து என் சிநேகிதியுடன் டெலிபோனில் பேசினேன். மற்ற விஷயங்கள் எல்லாம் பேசிய பிறகு, "மாடி வீட்டார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இருக்கிறார்கள். அவர் ஒரு சின்னப் பட்டறையில் உள்ளூர் மார்க்கெட்டுக்குப் பனியன் தைக்கிறார். கூலி குறைச்சல்தான், ஆனால் வாரம் ஆறு நாளும் வேலை இருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை அல்லவா? விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிட்டார்கள்" என்றாள் அவள். "குழந்தைக்கும் ஒரு தூண்டில் வாங்கியாகிவிட்டது."

ஆசிரியர் என்னை மன்னிக்க வேண்டும். பனியனைப் பற்றி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.